பிஜூ எந்த ஊர் நாய்?

முத்தியால்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டு அலமாரியில் அந்தப் படம் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, தபால் அட்டை அளவு. தாழ்வாரத்தில் ஒரு பிரம்பு நாற்காலி. அதில் வெள்ளைச் சட்டையில் இரண்டு பதக்கம் குத்திய பெரியவர். அவர் காலை ஒட்டி ஒரு வெள்ளைச் சடை நாய் நிற்கிறது. காது இரண்டும் கூர், மூஞ்சி நரி மூஞ்சி, வால் முதுகின் மேல் சுருண்டு கிடக்கிறது. படத்தின் பின்புறம் பென்சிலால் ‘பிஜூ’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

“எங்க தாத்தா சொல்தா, தம்பி. சைகோன்லேர்ந்து கப்பல்ல திரும்பி வரும்போது இதையும் கையோட கொண்டாந்தாரு. அசல் பிரெஞ்சு நாய்” என்றார் ஆசிரியை.

சொல்தா என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர். பாரீசிலிருந்து வரும் ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்திய சொல்தா வீடுகள் புதுச்சேரியில் தெருவுக்குத் தெரு உண்டு. புதுச்சேரி வீடுகளில் வளர்ந்த பிராணிகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த ‘அசல் பிரெஞ்சு’ என்ற சொல் உறுத்தியது. படத்தில் இருந்தது, என் வயதுக்காரர்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டுக்குக் கேட்டு குரைத்துத் துரத்திய அதே நாய். அதை எல்லோரும் பொமரேனியன் என்போம். பிரெஞ்சு என்று யாரும் சொன்னதில்லை.

நாயைக் காப்பகத்தில் தேடுவது வேடிக்கையான வேலை. லாஸ்பேட்டையில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. 1827இல் தொடங்கிய ரோமேன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவின் அரசிதழ்களையும் ஆண்டு மலர்களையும் பிரான்சின் தேசிய நூலகம் ‘கல்லிகா’ தளத்தில் ஏற்றி வைத்திருப்பதால், வீட்டிலிருந்தே கண் கெடப் படிக்கவும் வழியுண்டு. ஆனால் அரசாங்கக் காகிதத்துக்குள் நாய் சும்மா நுழைவதில்லை. யாரையாவது கடித்திருக்க வேண்டும், அல்லது அதன் பெயரில் வரி கட்டியிருக்க வேண்டும். பிரான்சில் 1855ஆம் ஆண்டுச் சட்டம் நாய்க்கு வரி போட்டது. கொஞ்சி வளர்க்கும் நாய்க்கும் வேட்டை நாய்க்கும் கூடுதல், காவல் நாய்க்குக் குறைவு. தமிழ்நாட்டுப் பக்கம், 1902இல் வெறிநாய் கடித்து லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் இறந்த பிறகுதான் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கான முயற்சி தொடங்கியது. 1907இல் அது திறக்கப்பட்டது. அங்கேயும் ஏட்டில் ஏறியது கடித்த நாய்தான்.

இன்னொரு வழி வீரம். 1610களில் ஆங்கிலக் கம்பெனிக்காரர்கள் ஜஹாங்கீருக்குக் கொண்டுவந்த மாஸ்டிஃப் நாய்களைப் பற்றித் தூதர் தாமஸ் ரோ காலத்துக் குறிப்புகள் பேசுகின்றன. அவை ராட்சத நாய்கள், ராஜாவுக்கேற்ற பரிசு. அதற்கும் முன்னால், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு எகிப்தில், ஸேனோன் என்ற அதிகாரியைக் காட்டுப்பன்றியிடமிருந்து காப்பாற்றிச் செத்த தௌரோன் என்ற இந்திய நாய்க்கு எழுதிய கல்லறைப் பாட்டு பப்பைரஸில் இன்றும் இருக்கிறது. மடியில் படுத்து வளர்ந்த நாய் பன்றியோடு மோதாது, பாதுஷாவை மகிழ்விக்காது. ஆகவே அதைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய டைரியை இதற்காகப் புரட்டினால் வழிதவறிவிடுவோம். அவர் கண் சகலாத்து மூட்டையிலும், கவர்னர் துப்ளேக்ஸ் துரை முகம் எந்தப் பக்கம் கோணியது என்பதிலும் இருந்தது.

எழுத்தில் இல்லாததைப் படத்தில் தேடலாம் என்று தோன்றியது. மடிநாய்க்கு எழுத்தாளன் வாய்க்கவில்லையே தவிர, ஓவியன் எப்போதும் வாய்த்திருக்கிறான். எஜமானியை வரைய வந்தவன் அவள் காலடியில் கிடப்பதையும் சேர்த்து வரைந்தாக வேண்டுமே.

முதலில் பிரெஞ்சுப் பக்கத்தைப் பார்த்தேன். இயற்கையியலாளர் பியூஃபோன் தன் இயற்கை வரலாற்றின் ஐந்தாம் தொகுதியை 1755இல் வெளியிட்டார். துப்ளேக்ஸ் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறிய மறு ஆண்டு அது. நாய்களுக்கெல்லாம் அதில் ஒரு வம்ச வரைபடம் போட்டிருக்கிறார். இடையன் நாய்தான் மூலம், மற்றவை கிளைகள். சடை பிஷோன், அமுங்கிய மூக்குப் பக், சின்ன ஸ்பானியல் என்று அந்தக் காலத்துச் சீமாட்டிகளின் மடிநாய்கள் எல்லாம் வரிசையாக வருகின்றன. அவற்றுக்கு நடுவே ஓநாய்நாய் என்ற பெயரில் கூர்க்காது, சுருட்டு வால், அடர்ந்த மயிரோடு ஒன்று. பிஜூவின் உறவு என்று சொன்னால் மறுக்க முடியாத சாயல்.

அதே நூலில் பியூஃபோன் இன்னொன்றும் சொல்கிறார். ஐரோப்பிய நாய்களை கினி போன்ற வெப்ப நாட்டுக்குக் கொண்டுபோனால் சில ஆண்டுகளில் அவை குரைப்பதையே மறந்துவிடுமாம், காதுகள் நரிக்காதாக நிமிர்ந்துவிடுமாம். எங்கள் தெருவில் இரண்டு பொமரேனியன்களுக்கு நடுவே குடியிருந்தவர்கள் இந்த விஞ்ஞானியை மன்னிக்க மாட்டார்கள்.

நம் ஊர்ச் சரக்காக இருக்குமோ என்ற கேள்வியையும் விட்டுவிடக் கூடாது. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி 2017இல் எழுதிய ஆங்கில நூல் இதற்கு நல்ல துணை. தமிழ் மண்ணின் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. எல்லாம் ஓடுவதற்கும் துரத்துவதற்கும் காப்பதற்கும் பிறந்தவை. மடியில் வைத்துக் கொஞ்சும் சின்ன இனங்கள் இந்தியத் துணைக்கண்டத்தில் இமயத்தை ஒட்டித்தான் உண்டு. லாசா அப்சோவும் திபெத்திய ஸ்பானியலும் அங்கிருந்து வந்தவை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை போட்டது: இமாலய ஆட்டு நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். இந்தியாவில் மத்தியதர வர்க்கத்து வீடுகளில் அதிகம் புழங்கிய வெள்ளை நாய்க்கு அதில் இடமில்லை. அது வந்தேறி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கிருந்து வந்தேறியது என்பதுதான் பேச்சு.

அளந்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். படத்திலிருக்கும் பிரம்பு நாற்காலி ஆசிரியை வீட்டில் இன்னும் இருக்கிறது. பின்னல் மாற்றியிருக்கிறார்கள், சட்டம் பழையதுதான். தரையிலிருந்து இருக்கை 42 சென்டிமீட்டர். பிஜூவின் தோள் இருக்கைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. ஆக, உயரம் 38 சென்டிமீட்டருக்கு முன்பின். இன்று பொமரேனியன் என்று உலகம் ஒப்புக்கொள்ளும் நாய் இதில் பாதி உயரம்தான் இருக்கும். எடை இரண்டு மூன்று கிலோ.

இந்த முரண்தான் உண்மையான துப்பு. அதைப் பிடித்துக்கொண்டு லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று, ஓவியங்கள் வழியாக.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பகுதி. இன்று ஜெர்மனியிலும் போலந்திலுமாகப் பிரிந்து கிடக்கிறது. 1767இல் மூன்றாம் ஜார்ஜின் ராணி ஷார்லட் இந்த இன நாய்கள் இரண்டை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். ஜெர்மன் வீட்டுப் பெண், ஜெர்மன் நாய். அரண்மனை வைத்தால் ஊரும் வைக்கும். தாமஸ் கெயின்ஸ்பரோ 1777 வாக்கில் ஒரு தாயையும் குட்டியையும் வரைந்தார். அவை கார்ல் ஃப்ரெட்ரிக் ஏபல் என்ற இசைக்கலைஞரின் நாய்கள். ஏபலுடைய உருவப்படத்திலும் மேஜைக்கடியில் ஒரு வெள்ளை நாய் படுத்திருக்கிறது. 1785இல் கெயின்ஸ்பரோ வரைந்த ‘காலை உலா’ என்ற ஓவியத்தில் இளம் தம்பதியரோடு ஒரு வெள்ளை நாய் நடந்து வருகிறது, அந்தப் பெண்ணை அண்ணாந்து பார்த்தபடி. அவள் பாவாடையின் மடிப்புகளோடு ஒப்பிட்டால் நல்ல உயரம். பதினைந்து கிலோவாவது இருக்கும். பிஜூவின் படத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்து நாய்க்கும் முத்தியால்பேட்டை நாய்க்கும் இருக்கிற ஒற்றுமை, முத்தியால்பேட்டை நாய்க்கும் இன்றைய பொமரேனியனுக்கும் இல்லை.

சுருங்கிய கதை விக்டோரியா காலத்தது. ஷார்லட்டின் பேத்தி அவர். 1888இல் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் மார்க்கோ என்ற பொமரேனியனைக் கண்டு மயங்கி வாங்கி வந்தார். எடை 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. 1891 க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் ராணியின் பொமரேனியன்கள் மேடையேறின. அதே ஆண்டு இங்கிலாந்தில் இந்த இனத்துக்கென்று தனிச் சங்கம் தோன்றியது. அப்புறம் சின்னது சின்னதாகத் தேர்ந்து இணை சேர்த்தார்கள். ராணியின் ஆயுளுக்குள்ளேயே இந்த இனம் பாதியாகக் குறுகிவிட்டது என்பார்கள். 1901இல் அவர் சாகும்போது படுக்கையில் உடனிருந்ததும் டூரி என்ற பொமரேனியன்தான். 1912இல் டைட்டானிக்கில் தப்பிய மூன்று நாய்களில் இரண்டு பொமரேனியன். கோட்டுக்குள் ஒளித்து உயிர்ப்படகில் ஏற்ற முடிந்த அளவு. கெயின்ஸ்பரோவின் நாயாக இருந்திருந்தால் கப்பலோடு போயிருக்கும்.

இவ்வளவு வேகமாக ஓர் இனம் குறுக முடியுமா என்று சந்தேகப்பட்டேன். முடியும். நாயின் உருவ அளவைப் பெருமளவு ஆட்டிவைக்கும் ஐ.ஜி.எஃப்.1 என்ற மரபணுவை 2007இல் அடையாளம் கண்டார்கள். அதில் சின்ன உடலைத் தரும் மாற்றம் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய ஓநாயின் எலும்பிலேயே இருந்தது என்று 2022இல் வந்த ஆய்வு சொல்கிறது. குள்ளம் நாயின் ரத்தத்தில் எப்போதும் பதுங்கிக் கிடந்தது. விக்டோரியா காலத்துக்காரர்கள் அதைத் தேடித் தேடிப் பொறுக்கினார்கள், அவ்வளவுதான்.

இனி கப்பல் கதைக்கு வருவோம். தாத்தாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் அவர் படையிலிருந்து விடுபட்ட ஆண்டு 1951. அதற்குள் ஐரோப்பாவில் பொமரேனியன் குட்டையாகி அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. ஜெர்மனியில் பெரிய ஸ்பிட்ஸ் வகைகளும் தொடர்ந்து இருந்ததால் உயரம் ஒன்றை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. படத்தையே திரும்பவும் பார்த்தேன், இந்த முறை நாயை விட்டுவிட்டுச் சுவரை.

பெரியவரின் தலைக்குப் பின்னால் சட்டமிட்ட படம் ஒன்று தொங்குகிறது. பூதக்கண்ணாடி வைத்தால் நேரு. மாலை போட்டிருக்கிறது. நம் வீடுகளில் உயிரோடிருப்பவர் படத்துக்கு மாலை ஏறாது. நேரு மறைந்தது 1964 மே 27. ஆகவே படம் அதற்குப் பிறகு எடுத்தது. பதக்கம் குத்தியிருப்பதால் ராணுவக் காலத்துப் படம் என்று குடும்பத்தார் நினைத்திருந்தார்கள். ஆனால் புதுச்சேரியில் ஜூலை 14 வந்தால் ஓய்வுபெற்ற சொல்தாக்கள் பதக்கங்களோடு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்துக்குப் போவது இன்றைக்கும் வழக்கம். 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர்கள் இவர்கள். ஒரே படத்தில் சுவரிலுள்ள நேருவுக்கு மாலை, சட்டையில் பிரெஞ்சுப் பதக்கம். அந்தக் காலத்தில் இது முரணாக யாருக்கும் பட்டிருக்காது.

1951இல் கப்பலில் வந்த நாய் 1964இல் கிழடாகிக் கண் பூத்திருக்கும். படத்தில் நிற்பது முழு வளர்ச்சியை இப்போதுதான் எட்டுகிற இளசு. மயிர்கூட இன்னும் கழுத்தில் முழுசாகச் சடைக்கவில்லை.

விடை விழுப்புரத்தில் இருந்தது. ஆசிரியையின் அத்தை, எண்பது தாண்டியவர், ரயில்வே ஊழியருக்கு வாழ்க்கைப்பட்டு அங்கே குவார்ட்டர்ஸில் இருந்தவர். படத்தைக் கண்ணருகே கொண்டுபோனதும் சிரித்துவிட்டார். “இதா? இது நான் குடுத்த குட்டி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்ல சட்டைக்காரங்க ஒரு குடும்பம். டிரைவர் வேலை. சீமைக்குப் போறப்போ குட்டிங்களை ஆளுக்கொண்ணாக் குடுத்தாங்க. எங்க வூட்ல மாமியா நாயி ஆகாதுன்னுட்டாங்க. அண்ணன்தான் வந்து தூக்கினு போனாரு.” அவர் அண்ணன் என்றது ஆசிரியையின் தகப்பனாரை, சட்டைக்காரங்க என்றது ஆங்கிலோ இந்தியர்களை.

வாய்மொழிக்குத் துணையாகக் காகிதம் இருந்தால் நல்லது. சொல்தா வீட்டில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்குச் சான்று காட்டி ஓய்வூதியம் வாங்கும் மனிதர் எதையும் கிழித்துப்போட மாட்டார். தகர டிரங்குப் பெட்டியின் அடியில், மளிகைச் சீட்டுகளுக்கு நடுவே, தென்னக ரயில்வேயின் லக்கேஜ் சீட்டு ஒன்று: விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரி, நாய் ஒன்று, 1964. கார்டு வண்டியில் நாய்களுக்கென்று ஒரு கூண்டு இருக்கும், அதில் ஏற்றி அனுப்புவதற்கான ரசீது. 1879இல் போட்ட அந்தக் கிளைப் பாதையில், அப்போதைய மீட்டர் கேஜ் வண்டியில், 38 கிலோமீட்டர். பிஜூ செய்த கடல் பயணம் அவ்வளவுதான்.

ரயில்வே குடியிருப்பு என்றதும் மற்றதெல்லாம் கூடி வந்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் நாய்கள் கண்டோன்மென்டுகளிலும் மலைவாசஸ்தலங்களிலும் ரயில்வே காலனிகளிலும் பெருகின. வெயில் தாங்கியது மிஞ்சியது. உள்மயிர் மெலிந்தது. அந்த மிச்சத்துக்குத்தான் இந்தியன் ஸ்பிட்ஸ் என்று பெயர். 1896இல் வேர்விட்டு இப்போது சென்னையிலிருந்து இயங்கும் இந்திய கென்னல் கிளப் இதை இரண்டு அளவாகப் பிரித்திருக்கிறது: 5 முதல் 7 கிலோ வரை சின்னது, 12 முதல் 20 கிலோ வரை பெரியது. இந்த எண்களைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் முழுதாக விளங்கிற்று. சின்னது மார்க்கோவின் எடை. பெரியது கெயின்ஸ்பரோவின் நாய். ஐரோப்பாவில் பொமரேனியன் இரண்டையும் தாண்டிக் குட்டைக்குப் போய்விட்டது. இங்கே இரண்டும் அப்படியே தங்கின. மியூசியத்து ஓவியத்தில் மிஞ்சிய உருவத்தை நம் தெருக்கள் நூறாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருந்திருக்கின்றன என்று நான் வாசிக்கிறேன்.

அது இங்கே நிலைத்ததற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. தயிர்சாதம் போட்டால் தின்னும். இறைச்சி புழங்காத வீட்டிலும் வளரும். தாழ்வாரத்தில் கிடந்தே காவல் காக்கும். 1980களிலும் 90களிலும் வெளிநாட்டு நாயை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பு, ஆகவே ஆசைப்பட்டவர்களுக்கெல்லாம் இதுதான். 1994இல் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படத்தில் டஃபியாக வந்து கிரிக்கெட்டுக்கு நடுவராக நின்றதும், கடைசியில் கடிதத்தை ஆள் மாற்றிக் கொடுத்துக் கல்யாணத்தையே திருப்பிவிட்டதும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான். பிறகு 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னால் பக் நாய் நடந்து போயிற்று. தெருக்களில் அமுங்கிய மூக்குகள் பெருகின. நம் ஊர் ஏப்ரல் மாதத்தில் அவை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட அயல் இனங்களில் பக்கையும் சேர்த்திருந்தது.

ரசீதை ஆசிரியையிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “அத்தைக்கு ஞாபகம் தப்பாது. சரி, இருக்கட்டும். பேரு பிரெஞ்சுதானே, தம்பி?” என்றார். அதை நான் மறுக்கவில்லை.

கடலூர் சாலையில் செல்லப்பிராணிக் கடை ஒன்றில் விசாரித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஷிட்சூ இருந்தது, உள்ளங்கையில் அடங்குகிற ‘டாய் பாம்’ இருந்தது. பழைய மாதிரி, முழங்கால் உயரத்தில், வெள்ளையாக ஒன்று கிடைக்குமா என்றேன். கடைக்காரர் பாவம் பார்ப்பதுபோல் பார்த்தார். “அதெல்லாம் லோக்கல் கிராஸ் சார். யாரும் கேக்கறதில்ல. ஒரிஜினல் பொமரேனியன்னா இந்த சைஸ்தான்.” கெயின்ஸ்பரோவின் நாயை அந்தக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாலும் இதே பதில்தான் கிடைக்கும்.